பதினைந்து ஆரஞ்சு

வெயிலில் நடக்கிறவர்களுக்கு நல்ல செருப்பு முக்கியம், ஐயா. இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு சுற்றுலாக் குழுவுக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். அன்று வந்த பதினான்கு பேரில் பதின்மூன்று பேர் கண்ட கண்ட செருப்பில் வந்திருந்தார்கள். வாத்தியார் மட்டும் ரப்பர் அடி போட்ட ஷூ அணிந்திருந்தார். பாறையில் வழுக்காது. ஆரம்பத்தில் அவர்மேல் எனக்கு மரியாதைதான் இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார். நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். தனியாக வந்திருந்தார். கையில் ஒரு சின்ன நோட்டு, அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறை, சட்டைப் பையில் இரண்டு பேனா. பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி முதல் வரிசையில் நின்றார்.

கோட்டை வாசலில் ஆரம்பித்தோம். வாசல் கட்டி முந்நூறு வருடம் என்றேன். "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி, இருநூத்தி நாப்பதுதான்" என்றார். நான் சிரித்தேன். பொறுத்தார் பூமி ஆள்வார். அறுபது வருடத்தைப் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தேன்.

அடுத்தது பீரங்கி. ஒரே குண்டில் மூன்று கப்பலை மூழ்கடித்த பீரங்கி அது. அவர் கிட்டே போய் விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி, இது சிமெண்டு." சிமெண்டுதான், ஐயா. அதை வார்த்தபோது பக்கத்தில் நின்று டீ குடித்தவன் நான். அதனால் என்ன? அதன்மேல் கைவைத்துப் படம் எடுத்துக்கொண்டவர்கள் எத்தனை ஆயிரம் பேர், அவர்களில் யாருக்காவது கை வலித்ததா?

பிறகு படகு ஏறினோம். நகரத்தைக் கடல் பக்கத்திலிருந்து காட்டிவிட்டு, மூழ்குப் பாறையில் இறக்கி, அரை மணி நேரம் விட்டுக் கூட்டி வருவது வழக்கம். கடல் வற்றும் நேரத்தில் அந்தப் பாறை ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு இருக்கும். கடல் ஏறும் அன்றைய கணக்குப்படி மாலை ஆறரைக்கு முட்டிவரை தண்ணீர், ஏழுக்கு இடுப்பு, எட்டு மணிக்கு அங்கே பாறை என்று ஒன்று இருந்ததே தெரியாது. அந்தந்த நாள் கணக்கை நான் தினமும் சுவாரசியத்துக்காகச் சொல்வேன். அன்றும் சொன்னேன், அவரும் கேட்டுக்கொண்டிருந்தார். ஆக, நான் எதையும் மறைத்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.

அந்தப் பாறைக்கு என்னிடம் ஒரு கதை இருக்கிறது. கோட்டை கட்டிய காலத்தில், கப்பலில் போன கணவனுக்கு வழிகாட்ட, சுங்க அதிகாரியின் மனைவி ஒருத்தி கையில் விளக்கோடு பாறையில் நின்றாள், கப்பல் திரும்பி வந்தது, அவளைத்தான் காணவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மனப்பாடம் செய்தது மறந்துபோய் வாய்க்கு வந்ததை அளந்துவிட்டேன். அன்றே ஒரு அம்மா அழுதுவிட்டார். அழுகையை வரவைத்த கதையை யாராவது மாற்றுவார்களா? இருபத்திரண்டு வருடம் சொல்லிச் சொல்லி, அவள் எனக்கு ஒரு அக்கா மாதிரி ஆகிவிட்டாள்.

அன்று வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு அம்மா, விளக்கு வரும் இடத்திலேயே கைக்குட்டையை எடுத்துவிட்டார். அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. அந்தக் காலத்துல இங்க சுங்கமே கிடையாதே. அந்த ஆபீஸ் வந்தது எழுபது வருஷம் கழிச்சு."

படகில் எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மா கைக்குட்டையை மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஐயா, நீங்கள் காரணம் காரணம் என்று காலையிலிருந்து கேட்கிறீர்களே, அந்தக் கைக்குட்டைதான் காரணம். வேறு பெரிதாகத் தேட வேண்டாம்.

அதற்குப் பிறகு நான் எதற்கு? "சார், அப்போ அந்த லைட்ஹவுஸ் எப்போ கட்டினது?" என்று அவரிடம் கேட்கிறார்கள். அவர் விரல்விட்டு எண்ணி வருடம் சொல்கிறார். நான் மைக்கை அணைத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

பாறையில் இறங்கியதும் நானே அவரிடம் போனேன். "சார், உங்களை மாதிரி ஆளுக்குன்னே ஒண்ணு இருக்கு. பாறைக்கு அந்தப் பக்கம், அடியில, ஒரு கல்வெட்டு. இதுவரைக்கும் யாரும் படிச்சதில்ல" என்றேன். அப்படி ஒன்றும் கிடையாது. அதுவும் வாய்க்கு வந்ததுதான். ஆனால் அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. மற்றதற்கெல்லாம் ஆதாரம் கேட்ட மனிதர், இதற்கு மட்டும் ஒரு கேள்வி கேட்கவில்லை. லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றினார். "இதைப் போட்டுக்கிட்டு குனிய முடியல தம்பி. கொஞ்சம் வெச்சிருங்க. பையையும் பாத்துக்கோங்க" என்று என்னிடமே கொடுத்தார்.

பார்த்துக்கொண்டேன்.

எங்கள் படகோட்டியைக் கொக்கு என்போம். நல்லவன், சூதுவாது தெரியாதவன், அவனை விட்டுவிடுங்கள். கிளம்பும் முன் அவன் தலையை எண்ண மாட்டான். தலைகள் குனியும், தொப்பிக்குள் ஒளியும், ஒன்றன்பின் ஒன்று மறையும். அதனால் ஜாக்கெட்டின் நிறத்தை எண்ணுவான். என்னையும் சேர்த்துப் பதினைந்து ஆரஞ்சு இருந்தால் கிளம்பலாம். ஒரு முறையும் தப்பியதில்லை என்று முதலாளியே பாராட்டியிருக்கிறார். நான் வாத்தியாரின் பையை என் பக்கத்து இருக்கையில் நிமிர்த்தி வைத்து, அதற்கு ஜாக்கெட்டை மாட்டி, பட்டையையும் பூட்டினேன். கொக்கு சுக்கானில் இருந்தபடியே திரும்பி, "பதினஞ்சு. போலாமாண்ணே?" என்றான். போகலாம் என்றேன்.

வெள்ளைத் தொப்பி அம்மா மட்டும் கேட்டார். "அந்த சார் வரலையா?"

"அவர் அடுத்த படகுல வர்றாராம்மா. கல்வெட்டைப் படிக்காம நகர மாட்டாராம்."

எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை என் பேச்சுக்கு. எஞ்சின் இரைச்சலில் கொக்குக்கு ஒன்றும் கேட்டிருக்காது. அதுதான் அன்றைய கடைசிப் படகு என்பது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

கொஞ்ச தூரம் வந்ததும் திரும்பிப் பார்த்தேன். வாத்தியார் பாறை உச்சியில் ஏறி நின்று, நோட்டை உயரத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். பதறிய மாதிரி தெரியவில்லை. சந்தோஷமாகத்தான் ஆட்டினார். சரி, இன்னொரு திருத்தம் கிடைத்துவிட்டது போல என்று நினைத்தேன். மைக்கை எடுத்து, "எல்லாரும் வலது பக்கம் பாருங்க, லைட்ஹவுஸ்" என்றேன். பதின்மூன்று தலையும் வலது பக்கம் திரும்பியது. நான் கைநீட்டும் பக்கம் ஜனங்கள் பார்ப்பார்கள், ஐயா. அதுதான் என் தொழில்.

வழியில் பைக்குள் போன் அடித்தது. திரையில் 'மகள்' என்று வந்தது. அடுத்தவர் போனை எடுப்பது பண்பில்லை. கரைக்கு வந்ததும் பையை அலுவலகத்தில் 'விட்டுச்சென்ற பொருள்' அலமாரியில் முறைப்படி ஒப்படைத்துக் கையெழுத்தும் போட்டேன். வீட்டில் மனைவி, "இன்னைக்கு எப்படி?" என்று கேட்டாள். "நல்ல குழு. திரும்பி வர்றப்போ ஒரு கேள்விகூட இல்ல" என்றேன். அவள் வைத்த சாப்பாட்டை ரசித்துச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் அந்தப் போன் அலமாரிக்குள் விடாமல் அடித்திருக்கிறது. அலுவலகப் பெண் எடுத்துப் பேசியிருக்கிறாள். அதற்குள் மீனவர்கள் அவரைக் கண்டெடுத்துவிட்டார்கள். ஷூ காலிலேயே இருந்ததாம். நான் சொன்னேனே, நல்ல ஷூ.

இப்போது நீங்கள் அவர் நோட்டின் கடைசிப் பக்கத்தை என் முன்னால் விரித்து வைத்திருக்கிறீர்கள். பிளாஸ்டிக் உறையால் நனையாமல் தப்பியிருக்கிறது. "பாறையின் அடியில் வழிகாட்டி சொன்ன இடத்திலேயே செதுக்கல் இருக்கிறது. விளக்கு ஏந்திய பெண் உருவம். கீழே தேய்ந்த நான்கு எழுத்து. அவர் கதையில் உண்மை இருக்கிறது, நான்தான் அவசரப்பட்டேன். பாவம், அந்தத் தம்பி மனம் நொந்திருப்பார். படகில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும்."

படித்ததும் எனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டீர்கள். கொஞ்சம் வருத்தம்தான். அந்தக் கைக்குட்டைக்கார அம்மா இதைக் கேட்டிருக்க வேண்டும். அந்தப் பக்கத்தை ஒரு நகல் எடுத்துத் தந்தால், சட்டம் போட்டுப் படகில் மாட்டச் சொல்வேன்.

மற்றபடி, நான்தான் அவரை அங்கே விட்டு வந்தேன். தெரிந்துதான் விட்டேன், நேரம் பார்த்துத்தான் விட்டேன். எங்கே கையெழுத்து வேண்டும் என்று காட்டுங்கள். ஆனால் ஒன்று, ஐயா. மனிதர் தன் கைப்பட மன்னிப்புக் கேட்டுவிட்டார், நானும் மனதார மன்னித்துவிட்டேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நாங்கள் இரண்டு பேரும் சமாதானமான பிறகு நடுவில் எதற்கு இந்த வழக்கு?