கபிரியேலுக்குப் பொன்னாடை வேண்டாம்

தலைமைப் பீடத்தில் வீற்றிருக்கும் ஸஹாப்தீன் ஹாஜியார் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் செயற்குழுப் பெருமக்களே! கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு ஸ்பிரிங்வெளியிலிருந்தும் ஹாலிஎலயிலிருந்தும் வந்து குவிந்திருக்கும் தாய்மார்களே! பெரியோர்களே! பின்வரிசையில் உட்காரப் பொறுமையின்றி நிற்கும் எங்கள் எல்லேப் பந்தாட்ட வீரர்களே! வணங்குகிறேன்.

நம் அணியின் பயிற்சியாளர் கபிரியேலைப் புகழ்ந்து பேசும்படி செயலாளர் ஸரூக் என்னைக் கேட்டார். புகழ்கிறேன். ஆனால் நாளைதானே பண்டாரவளையில் இறுதிப் போட்டி? வென்றவனுக்கல்லவா பொன்னாடை? போட்டிக்கு முந்தைய மாலையில் போர்த்துவானேன்? என்ன ஐயா, சொல்லச் சொல்கிறீர்களா? சொல்லத்தானே எழுந்தேன்!

மூங்கில் தடி அடித்த பந்து மேகத்தை முட்டி இறங்கும்போது, மைதானத்தின் கடைசி ஓரத்தில் காத்திருந்த கை கபிரியேலின் கை. அந்தக் கைக்காக எத்தனை தோட்டங்கள் ஏங்கின! தோட்டத்து ஆளும் அவர் உறவினரும் மட்டுமே ஆடலாம் என்பது விதி. விதிக்கு வழி காணத் தெரியாதவர்களா நாம்? போகிற தோட்டமெல்லாம் கணக்கப்பிள்ளை நடுவரிடம் சொல்வார்: "இவரு நம்ம மச்சானுங்க. நேத்துத்தான் விருந்துக்கு வந்தாரு!"

ஒருநாள் நடுவர் மொஹிதீன் பிடித்துக்கொண்டார்.

"ஏன்டாப்பா கபிரியேல், போன மாசம் வேற கணக்கப்பிள்ளைக்கு மச்சானா இருந்தியே! ஒனக்கு எத்தனை அக்கா?"

"அத எங்கப்பாகிட்டதான் கேக்கணுங்க. பந்தப் போடச் சொல்லுங்க!"

சிரிக்கிறீர்கள். அவர் மனைவி நேசராணி சிரித்தாரா? பந்து பிடித்தால் மச்சான். பந்து நழுவினால் மறுவாரமே தோட்டம் கொடுத்த லயத்து அறையைக் காலி செய்! பெட்டியைத் தூக்கித் தூக்கித் தோட்டம் தோட்டமாகக் கபிரியேல் அலைந்தார். தோள் தளர்ந்தது, ஆட்டத்தின் மேல் இருந்த ஆசை தளரவில்லை.

அவரைப் பயிற்சியாளராக அழைத்தோம். பயிற்சிக்கு வராத ஒருவனை அவர் அணியிலிருந்து நிறுத்தினார். யார் அவன்? நம் செயற்குழு உறுப்பினர் ஒருவரின் மருமகன்! தொடங்கியது புகைச்சல். நேற்றுக் குழு கூடி, கபிரியேல் இனி ஆலோசகர், அணியோடு போக வேண்டாம் என்று முடிவெடுத்தது. மருமகன் ஆடுவாராம், மாமனார் நடத்துவாராம்! இதற்குத்தான் பொன்னாடையா? இதற்குத்தான் பூமாலையா?

கையைக் காட்டி உட்காரச் சொல்லாதீர்கள், ஸரூக். எனக்கும் நான் படிப்பித்த ஒரு பள்ளிக்கூடத்தில் இப்படித்தான் போர்த்தினார்கள். மறுநாள் என் நாற்காலியில் வேறொருவர். அந்தத் துணியின் கனம் எனக்குத் தெரியும். போர்த்திய கைகளையும் நான் மறக்கவில்லை.

பின்வரிசையில் என்ன சத்தம்? உரக்கச் சொல்லுங்கள், தம்பிகளே!

"கோச் வரலேன்னா நாங்க தடியத் தொட மாட்டோம், மாஸ்டர்!"

கேட்டீர்களா, தலைவர் அவர்களே? இதோ, தாய்மார் பக்கம் பாக்கியலெட்சுமியும் எழுந்துவிட்டார். "அவர விட்டுட்டுப் போற பஸ்ல யாரு ஏறுவா?" என்கிறார். ஹாஜியார் அவர்களே, நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இந்த ஒலிவாங்கியிலேயே சொல்லுங்கள்.

"ஸரூக், அந்தத் துணிய மடிச்சு வைங்க. நாளைக்கு டீமைக் கூட்டிட்டுப் போறது கபிரியேல்தான். குழுவுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

கைதட்டுங்கள்! இன்னும் கைதட்டுங்கள்! புகழ்வதற்கு என்னிடம் நிறைய மிச்சமிருக்கிறது. கேட்க வேண்டியவர் எங்கே? செருப்பை மேடையடியிலேயே விட்டுவிட்டு, "வெளிச்சம் இருக்கிறப்பவே வாங்கடா!" என்று வீரர்களோடு மைதானத்தில் இறங்கிவிட்டார்!

தலைவர் அவர்களுக்கு நன்றி. தாய்மார்களுக்கு நன்றி. செயற்குழுவுக்கு நன்றி சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை. வணக்கம். கொஞ்சம் வழிவிடுங்கள், நானும் பயிற்சி பார்க்கப் போக வேண்டும்.