துத்தநாகத்துக்குத் தண்ணி ஆகாது

எறக்காதீங்க காளையண்ணே, எறக்காதீங்க! சிலிண்டரு அப்பிடியே வண்டியில கெடக்கட்டும். மொதல்ல இந்தக் குடுவையப் பாருங்க. இதுவா பிளாஸ்டிக்கு? ஆட்டிப் பாருங்க... கருப்பட்டிப் பாகு! பணியாரத்துக்கு ஊத்தலாம். உங்க நைட்ரஜன் கேஸ்ல ஈரம்ணே. வைகையிலயே தண்ணியக் காணோம், உங்க சிலிண்டருக்குள்ள ஓடுது!

என்னாது, வேற யாரும் கொறை சொல்லலையா? அவுகளுக்கு ஈரம் ஆகும். எனக்கு ஆகாதே! நான் பண்றது மண்ணுல போட்டா மக்கிப்போற பிளாஸ்டிக்குண்ணே. சோளத்துலருந்து ஒரு சாமான் வரும், குட்டிக்குட்டி வளையமா. அதுல துத்தநாகத்தைப் போட்டா, ஒவ்வொரு வளையமாத் தொறந்து, ஒண்ணோட ஒண்ணக் கோத்து, நீளமாச் சங்கிலி ஆக்கிரும். சும்மா துத்தநாகம் இல்ல... அதைச் சுத்திக் கூடு மாதிரி ஒண்ணு கட்டணும். அந்தக் கூட்டைக் கட்டுறதுக்குள்ள எனக்குப் பாதி முடி கொட்டிருச்சு. அம்புட்டும் பண்ணி, ஒரு சொட்டு... ஒரே சொட்டு தண்ணி பட்டாப் போதும், போச்சு! சங்கிலி பாதியில நின்னுரும். நூலா இழுபட வேண்டியது பாகா வடியும். அதுக்குத்தேன் காத்தே படாம உங்க நைட்ரஜனை நெரப்புறது. நீங்க என்னடான்னா...

இந்தா, பக்கத்து டேபிளு அஸ்வினி. ஈரத்தலையோட வருவா. போ தாயீ, தலையத் தொவட்டிட்டு வான்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிருவா. ஏசி வேற ஒழுகுது. எல்லாரும் சேந்து இந்த நாகஜோதி பொழப்புல மண்ணள்ளிப் போடுறீங்க!

எங்க லேப் சார் சொல்லிட்டாருண்ணே. இன்னிக்குச் சாயங்காலம் நூலா இழுத்துக் காட்டலைன்னா என் வேலையத் தூக்கி அஸ்வினிகிட்டக் குடுத்துருவாராம். நேத்து வந்தவகிட்ட! கொட்டாம்பட்டியிலருந்து தெனம் பஸ்ல நின்னுக்கிட்டே வந்தவ நானு. மூணு வருசம்ணே... நெனச்சா வயிறு எரியுது. அதேன் கேஸுகாரவுகதேன் காரணம்னு சொல்லிட்டேன். அவரும் உங்க கம்பெனிகிட்ட வாங்குறதையே நிப்பாட்டிர்றேன்னுட்டாரு. கோவிச்சுக்காதீங்க.

எப்பத்துலருந்தா? ஆயுத பூசைக்குப் பெறகுதேன். அதுக்கு முன்னாடி நூலு நூலா வந்துச்சு! அன்னிக்கு ஒருத்தியாவது கூடமாட நின்னாளா? நாந்தேன் கூட்டிப் பெருக்கி, மிசினுக்கெல்லாம் சந்தனம் வச்சு, மா எலையில தீர்த்தம் தொட்டுத் தெளிச்சேன். எல்லாத்துக்கும் தெளிச்சுட்டு என் துத்தநாகக் குப்பிய மட்டும் விட்டுற முடியுமா? எனக்குச் சோறு போடப்போறதே அதுதான? மூடி மேல தெளிச்சாப் புண்ணியம் மூடிக்குத்தேன் சேரும். அதனால தொறந்து வச்சு, நல்லா உள்ளாற எறங்குற மாதிரி...

...

என்னாண்ணே அப்பிடிப் பாக்குறீங்க? தீர்த்தம்ணே அது! தீர்த்தம் எப்பிடித் தண்ணியாகும்?

...ஆகும்ல?

அய்யய்யோ. அண்ணே... சிரிக்காதீங்கண்ணே. நான் புதுசாக் கூடு கட்டிருவேன். ஒரு பத்து நாளு, பத்தே நாளு... அதுவரைக்கும் ஈரம் உங்க சிலிண்டர்லதேன்னு இருந்துட்டுப் போகட்டும். உங்களுக்கென்ன, சிலிண்டரு வாங்கச் சிம்மக்கல்லுல ஆயிரம் கடை. நீங்க நல்லா இருப்பீங்க. சரியாண்ணே? அண்ணே? எங்க போறீங்க? வண்டி இங்கிட்டுல்ல நிக்கிது... அண்ணே, அங்கிட்டுப் போகாதீங்க, அது சார் ரூமுண்ணே!