உள்ளங்கால் அளவு

கருணாகரன்: ...அப்ப வேலூர்லேருந்து உமர் எப்பத்தான் வருவான், பாய்? நாளைக்குச் சாயங்காலம் பம்பாய் மெயில்.

அன்வர்: தெரியாது, நைனா. அத்தைக்கு ஒடம்பு சரியில்ல. தம்பிய தொணைக்கு அனுப்பிச்சேன்.

கருணாகரன்: மாகாண பாஸ்கெட்பால் டீம்ல பேரு வந்தப்புறமா?

அன்வர்: அத்தை இன்னா, பேப்பரப் பாத்துக்கினா படுக்கும்?

கருணாகரன்: நான் கேப்டன். எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம்.

அன்வர்: தப்புதான்... வேற ஆளு இல்லியா?

கருணாகரன்: ஆள் இருக்கு. பந்தைக் கொண்டு போக அவன் மாதிரி ஆள் இல்ல. வலது பக்கம் பாப்பான், பந்து இடது பக்கம் என் கையில இருக்கும். பத்தொன்பது வயசு. பம்பாய்ல ஒருத்தன் கண்ணுல பட்டாப் போதும், ரயில்வேல வேலை குடுத்து எடுத்துக்குவான். அடுத்த வருஷம் பேப்பர்ல படம்.

அன்வர்: படமா... அம்மாவும் அதான் கேட்டுக்கினு கீது. மளிகைப் பொட்டலத்தக்கூட பிரிச்சி பிரிச்சிப் பாக்குது.

கருணாகரன்: ஷூ தைக்கிறேன்னீங்களே, முடிஞ்சுதா? பம்பாய்ல சிமென்ட் தரை. வெறுங்காலோட விடமாட்டான்.

அன்வர்: முடியல. யுத்தம் முடிஞ்சும் ரப்பர் எங்க கெடைக்குது?

கருணாகரன்: தேனாம்பேட்டை பூரா உங்க செருப்பு. கூடப் பொறந்தவன் மட்டும் வெறுங்கால்.

அன்வர்: அவன்தான் வேணாம்னான். தரை ஒட்டணுமாம்.

கருணாகரன்: அது வாஸ்தவம். போன சித்திரையில மத்தியானம் ரெண்டு மணி, மண்ணு கொதிக்குது. நாங்க அத்தனை பேரும் மரத்தடிக்கு ஓடறோம். அவன் நடுவுல நின்னு, இன்னொரு ஆட்டம் போடலாம்ங்கறான். டிரில் மாஸ்டர் எங்களைத் திட்டினார். அவன் காலைப் பாத்துக் கத்துக்கோங்கடான்னார்.

அன்வர்: பாத்தீங்களா?

கருணாகரன்: எதை?

அன்வர்: அவன் கால.

கருணாகரன்: பேச்சுக்குச் சொன்னது, பாய்...

அன்வர்: ம்.

கருணாகரன்: சரி, இப்பவே ஒரு தந்தி அடிப்போம். நாளைக்குக் காலையில வந்தாக்கூடப் போதும். டாக்டர் சர்டிபிகேட்டை நான் பாத்துக்கறேன், தெரிஞ்சவர்தான். நெஞ்சுல குழாயை வெச்சிட்டுக் கையெழுத்துப் போட்டுடுவார். காலையெல்லாம் தூக்கிப் பாக்கமாட்டார்.

அன்வர்: காலுக்கு இன்னா?

கருணாகரன்: ...ஒண்ணுமில்லியே.

அன்வர்: ஒடம்பு சரியில்லன்னது அத்தைக்கு. கால யாரு சொன்னா?

கருணாகரன்: சும்மா... வாயில வந்துது.

அன்வர்: ஒக்காரு, கருணா. அந்தக் காயிதத்த எடு. உமரு கால் அளவு. பதினைஞ்சு வருசமா இந்த வேலை. காயிதத்து மேல கால வெக்கச் சொல்லி பென்சில சுத்தி ஓட்டுவேன். உள்ளங்கால் வளைவாண்ட போச்சின்னா எவனா இருந்தாலும் நெளிவான். இன்ஸ்பெக்டரே சிரிச்சிக்கினு கால இழுத்துக்குவான். இவன் செவுத்தப் பாத்துக்கினு பம்பாய் கதை பேசறான். வெளையாட்டுக்குக் குத்தினேன். அப்பால அழுத்திக் குத்தினேன். அளவு எடுத்தாச்சா அண்ணேங்கறான். இன்னா இது காயிதம் ஈரமா கீதேன்னு கால தூக்கினேன். குதிகால்ல ஒரு ஓட்டை. சீழு. உள்ளார எலும்பு தெரியுது.

கருணாகரன்: அப்ப வேலூர்...

அன்வர்: வேலூர்ல எனக்கு அத்தையே கெடையாது. முந்தாநேத்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரில விட்டுட்டு வந்தேன். பெருவியாதி... குஷ்டம்.

கருணாகரன்: உமருக்கா...

அன்வர்: வியாதிக்கு ஊசி கீதாம். தடுத்துடலாம்னாரு டாக்டரு. கால்தான் நிக்காது. முட்டிக்குக் கீழ எடுக்கறாங்க, நாளைக்கு.

கருணாகரன்: நாளைக்கேவா?

அன்வர்: உங்க மெயில் கெளம்பற நாளுதான். அம்மாவாண்ட, முன்னாடியே பம்பாய் போய்ட்டான்னு சொல்லி வெச்சிருக்கேன். நீயும் அதையே சொல்லு.

கருணாகரன்: சொல்றேன், பாய்.

அன்வர்: டாக்டரு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. கால்ல எது குத்துச்சு, எப்பக் குத்துச்சுன்னு. அன்னிக்கே கழுவிக் கட்டி, ஓடாம படுக்க வெச்சிருந்தா கால் மிஞ்சியிருக்கும்னாரு. உமரு ஒண்ணும் குத்தலன்னு சத்தியம் பண்றான். அவனுக்கு எப்படித் தெரியும்... நீங்க யாருனா பாத்தீங்களா?

கருணாகரன்: தெப்பத்தன்னிக்கு, பாய். மயிலாப்பூர் மேட்ச். பாதி ஆட்டத்துல காலை நீட்டித் தண்ணி குடிச்சுக்கிட்டிருந்தான். குதிகால்ல பந்தல் ஆணி, முக்காவாசி உள்ள இருந்துது. பேச்சுக் குடுத்துக்கிட்டே நான்தான் புடுங்கினேன். அவன் திரும்பிக்கூடப் பாக்கல. நான் யார்கிட்டயும் சொல்லல... நாலு பாயிண்ட் பின்னால இருந்தோம்.