தீராத வயித்துவலி

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ராத்திரியில்தான் பேய் வரும் என்று எவன் சொன்னான்? இது வந்தது மத்தியானம் பன்னிரண்டரைக்கு. பரளச்சியிலிருந்து அருப்புக்கோட்டை போகிற ரோடு... ரெண்டு பக்கமும் கருவேலம். ஒரு ஈ, காக்கா கிடையாது. நம் சௌந்தரத்தின் கொழுந்தன் செல்லப்பாண்டி தனியாகப் பைக்கில் போனான்.

போனது கோட்டாட்சியர் விசாரணைக்கு. பக்கத்து வீட்டு மாரீஸ்வரி, கல்யாணமாகி ரெண்டே வருஷம், கிணற்றில் கிடந்தாள். பிணத்தை வெளியே எடுத்துப் போட்டதும் போலீஸ் ஊர்க்காரர்கள் ஐந்து பேரைப் பஞ்சாயத்தார் என்று நிறுத்தி, எப்படிச் செத்தாள் என்று கேட்டது. அவள் கழுத்தில் கயிற்றுத் தடம் இருந்ததைச் செல்லப்பாண்டி பார்த்தான். அவள் புருஷன் நாகராஜ் முறைத்துக்கொண்டு நிற்பதையும் பார்த்தான். நமக்கெதற்கு வம்பு!

"தீராத வயித்துவலிங்கய்யா. தாங்க முடியாம விழுந்திருச்சு" என்றான். மற்ற நாலு பேரும் அதையே சொன்னார்கள். கோட்டாட்சியரிடமும் அதையே சொல்லவேண்டும், மாற்றினால் உயிரோடு இருக்கமாட்டாய் என்று நாகராஜ் காலையில்தான் மிரட்டிவிட்டுப் போயிருந்தான்.

கண்மாய்க் கரை ஏறும்போது வண்டி இழுக்கவில்லை. பின்பக்கம் அமுங்கியது... ஆள் ஏறின மாதிரி.

பாசி வாடை. கிணற்றுப் பாசி. அந்த வெயிலில் முதுகுச் சட்டை சில்லென்று நனைந்தது. கண்ணாடியில் பார்த்தான்... ரோடு மட்டும்தான் தெரிந்தது.

அப்புறம் ஒரு கை. பின்னாலிருந்து வந்து அவன் வயிற்றைத் தடவியது. மெதுவாக... தொப்புளுக்கு மேலே. கீழே.

"எனக்கு எந்த எடத்துலண்ணே வலிச்சுச்சு?"

ஆத்தாடி! எப்படி டவுன் போய்ச் சேர்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. அதிகாரி கேட்டு முடிக்கவில்லை, கொட்டிவிட்டான்.

"கழுத்துல கயித்துத் தடம் இருந்துச்சுங்கய்யா. பயந்துக்கிட்டுப் பொய் சொல்லிட்டேன்" என்று ஓவென்று அழுதான்.

வெளியே வந்தபோது மனசு லேசாக இருந்தது. இனி விட்டுவிடுவாள் என்று வண்டியை எடுத்தான். மறுபடியும் அமுங்கியது.

"எங்க வீட்டுல எறக்கி விட்ருங்கண்ணே."

என்ன செய்வான், பாவம்? கொண்டுபோய் நாகராஜ் வீட்டு வாசலில் நிறுத்தினான். சத்தம் கேட்டு நாகராஜ் கதவைத் திறந்தான்.

"ஏலே, நான் சொன்னபடி..." என்று ஆரம்பித்தவனுக்குப் பேச்சு பாதியில் நின்றுவிட்டது. அவன் செல்லப்பாண்டியைப் பார்க்கவில்லை. செல்லப்பாண்டியின் தோளுக்குப் பின்னால் பார்த்தான்.

வண்டியின் பின்பக்கம் மெதுவாக மேலே எழும்பியது.