கோமதி எழுத்தில் மூன்று வரி

வந்தனா: ...அதான் சொல்றேன் பேச்சி, கோமதியை ரொம்ப இளைக்க வெச்சுட்டே.

பேச்சிராஜா: இளைச்சாத்தான் போன்ல நிக்கும். அந்தக் காலத்துல கல்யாணப் பத்திரிகை அடிக்கதுக்கு ஈயத்துல வார்த்த எழுத்து இது. அதைப் போன்ல சின்னதாக்கினா சுழியெல்லாம் அடைச்சு, அடிச்ச கொசு மாரி ஒட்டிக்கிட்டு கெடக்கு.

வந்தனா: ஆனா அதோட அழகே அந்த ஒரே தடிமன்தானே. ஒரு மெலிசு கிடையாது, ஒரு நெளிவு கிடையாது. தமிழ்ச் சங்கத்துக்காரா அதுக்கு ஆசைப்பட்டுத்தான் நம்மகிட்ட புதுசு பண்ணச் சொல்லியிருக்கா.

பேச்சிராஜா: கண்ணுக்கு ஒரே தடிமனாத் தெரியணும், அவ்வளவுதான். உள்ள அங்கங்க இழைச்சிருக்கேன். மூணு சுழிக்காரன் இருக்கான்லா, அவன் வயித்தை நல்லாத் திறந்து விட்டாச்சு.

வந்தனா: அந்த நாற்காலி?

பேச்சிராஜா: காலை அகட்டிட்டேன்.

வந்தனா: கொக்கி மாதிரி ஒண்ணு வருமே...

பேச்சிராஜா: அதுவும் பக்கா. ஏன், எல்லாத்துக்கும் பட்டப்பேரு வெச்சுத்தான் கூப்பிடுவியளோ? எழுத்துப் பேரைச் சொல்லப்படாதா?

வந்தனா: நீ மட்டும் என்னவாம்? மூணு சுழிக்காரன்கறே.

பேச்சிராஜா: அது... ஒரு பிரியம்.

வந்தனா: எனக்கும் பிரியம்தான்.

பேச்சிராஜா: சரி விடுங்க. சங்கத்துத் தலைவரு எப்ப வாராரு?

வந்தனா: வெங்கடராமன் சாரா? செம்பூர்லேர்ந்து கிளம்பிட்டார். சயான் சர்க்கிள் டிராபிக்ல மாட்டிண்டிருக்கார். புது ஹால் சுவத்துல நம்ம மூணு வரியை ஸ்டீல்ல வெட்டி ஏத்தியாச்சாம். ஞாயித்துக்கிழமை திறப்பு. நன்னா போச்சுன்னா சங்கத்தோட ஆப், ஸ்கூல் போர்டு எல்லாம் நமக்குத்தான்.

பேச்சிராஜா: போகலைன்னா?

வந்தனா: இந்த ஆபீசை மூடிட்டு நான் மறுபடி டூத்பேஸ்ட் டப்பா வரையப் போகணும். நீ லேபர் கேம்ப் தெருவுல உங்க அண்ணன் கடையில உக்காரணும்.

பேச்சிராஜா: அரே, நல்லாத்தான் போவும். சாரு என்ன சொன்னாரு?

வந்தனா: அந்த வரிகளைப் படிச்சுக் கண் கலங்கிடுத்தாம். உன்னைத்தான் பாராட்டணும்.

பேச்சிராஜா: என்னை எதுக்கு?

வந்தனா: நீதானே எழுதினே.

பேச்சிராஜா: நானா? நீங்கள்லா எழுதுனிய.

வந்தனா: விளையாடாதே. ‘நல்ல வாசகமா நீங்களே போட்டுடுங்கோ’ன்னு சார் சொன்னார். நீ அனுப்பின ஃபைல்ல மூணு வரி இருந்தது. அதை எடுத்துப் பெருசா வெச்சு அனுப்பினேன்.

பேச்சிராஜா: அய்யோ, அது இடைவெளி பாக்கதுக்குத் தட்டினது. எழுத்துக்குப் பக்கத்துல எழுத்து எப்படி உக்காருதுன்னு பாக்க, கீபோர்டுல கை போன போக்குல...

வந்தனா: கை போன போக்குலன்னா?

பேச்சிராஜா: தபேலா வாசிக்க மாரி. நீங்க அதை அழிச்சிட்டு நல்லதா ஒண்ணு போட்டிருப்பியன்னு நெனச்சேன். அனுப்பதுக்கு முன்னால படிச்சுப் பாக்கலையா?

வந்தனா: நீ படிக்கலையா?

பேச்சிராஜா: மொதல்ல நீங்க சொல்லுங்க.

வந்தனா: நீ சொல்லு.

பேச்சிராஜா: ...நான் படிச்சது ஹிந்தி மீடியம். வீட்டுல பேசுத தமிழ்தான் எனக்குத் தமிழு.

வந்தனா: அடப்பாவி. திருநெல்வேலித் தமிழ் அருவியாக் கொட்டறதேன்னு உன்னை பார்ட்னராச் சேர்த்துண்டேனே.

பேச்சிராஜா: அருவிக்கு எழுதப் படிக்கத் தெரியுமா? நீங்க மட்டும் என்ன, மாட்டுங்கா வீட்டுல அலமாரி பூரா தமிழ் புஸ்தகம்னு சொன்னிய?

வந்தனா: அலமாரி அப்பாவோடது. நான் தூசி தட்டுவேன்.

பேச்சிராஜா: சரியாப் போச்சு.

வந்தனா: தமிழ் எழுத்து பண்றவான்னு ஊர் பூரா சொல்லிண்டு திரியறோம். வெக்கமா இருக்கு பேச்சி. நிஜமாவே வெக்கமா இருக்கு.

பேச்சிராஜா: இரிங்க. அப்ப சாருக்கு எதுக்குக் கண்ணு கலங்கிச்சி?

வந்தனா: ...பழைய செய்யுள்னு நினைச்சிருப்பார். புரியாததெல்லாம் செய்யுள்தானே.

பேச்சிராஜா: பெல் அடிக்கி. நீங்களே திறங்க.

வெங்கடராமன்: என்ன, ரெண்டு பேரும் பேயறைஞ்சாப்ல நிக்கறேள்? இந்தாங்கோ, ஸ்வீட் வாங்கிண்டு வந்திருக்கேன்.

வந்தனா: உட்காருங்கோ சார். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்...

வெங்கடராமன்: இரும்மா, நான் சொல்லிடறேன். எத்தனையோ போர்டு திறந்து வெச்சிருக்கேன், இப்படி ஒரு வாசகம் வாய்ச்சதில்லே. கமிட்டி மொத்தமும் சுவத்துக்கு முன்னால நின்னுண்டு ‘ஆஹா’ன்னா. காரியதரிசி கீதா போட்டோ எடுத்து எல்லா குரூப்லயும் போட்டுட்டா.

பேச்சிராஜா: எல்லா குரூப்லயுமா?

வெங்கடராமன்: கடல் பாலத்துக்கு அந்தண்டை நெருள், கோபர்கைரனே வரைக்கும் போயாச்சு. கை கூப்பிக் கூப்பி அனுப்பறா.

வந்தனா: யாரும்... ஒண்ணும் கேக்கலையா?

வெங்கடராமன்: எந்தக் காலத்துப் பாட்டுன்னு கேட்டா. ரொம்பப் பழசுன்னேன்.

பேச்சிராஜா: சாருக்கு எந்த வரி பிடிச்சிது?

வெங்கடராமன்: நடு வரி.

பேச்சிராஜா: அதுல என்ன சார் சொல்லியிருக்கு?

வெங்கடராமன்: உடைச்சுச் சொன்னா அழகு போயிடும் தம்பி. அது உள்ளே போய்த் தங்கணும்.

பேச்சிராஜா: ஒரு தடவை வாய்விட்டுப் படிங்க சார். இந்தாங்க தாள்.

வெங்கடராமன்: கண்ணாடி கொண்டு வரலையே...

பேச்சிராஜா: மூக்கு மேலதான் இருக்கு.

வெங்கடராமன்: இது தூரப் பார்வைக்குப்பா.

பேச்சிராஜா: அப்ப நான் வாசல்ல போயி நின்னு காட்டுதேன்.

வந்தனா: பேச்சி, போதும். சார், நானே சொல்லிடறேன். கோபப்படுங்கோ, வேலையைப் பிடுங்கிக்கோங்கோ. அந்த மூணு வரிலே ஒண்ணுமே எழுதலை. சும்மா கீபோர்டைத் தட்டினது. எங்க ரெண்டு பேருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது.

வெங்கடராமன்: ...ஒண்ணுமே எழுதலையா?

வந்தனா: ஒண்ணுமே.

வெங்கடராமன்: ஆனா கமிட்டில அத்தனை பேரும் ‘ஆஹா’ன்னாளே.

பேச்சிராஜா: அதைத்தான் சார் நாங்களும் யோசிக்கோம்.

வெங்கடராமன்: கதவைச் சாத்துங்கோ.

வந்தனா: சார்...

வெங்கடராமன்: சாத்தும்மா. தமிழ் தெரிஞ்சவா யாரையாவது பிடிச்சு மூணு வரி எழுதி வாங்கு. சனிக்கிழமைக்குள்ள மாத்தியாகணும். விஷயம் நம்ம மூணு பேரோட இருக்கட்டும். வேலை உங்களுக்குத்தான்.

பேச்சிராஜா: வரி மாறினா கமிட்டிக்குத் தெரிஞ்சிராதா?

வெங்கடராமன்: படிச்சவாளுக்குன்னா தெரியும்.

வந்தனா: சார், இந்த உதவியை மறக்கவே மாட்டேன். ஒண்ணு பண்றேன். ஞாயித்துக்கிழமை உங்க பேச்சைப் புதுக் கோமதியிலயே பெரிய எழுத்தா அடிச்சுத் தரேன். கண்ணாடியே வேண்டாம்.

வெங்கடராமன்: ஐயோ, அது மட்டும் வேண்டாம்மா. என் தமிழ்ப் பேச்சை வருஷா வருஷம் கீதா இந்தி எழுத்துலதான் அடிச்சுத் தருவா. இல்லேன்னா நான் எப்படிப் படிப்பேன்?