மெட்ராஸில் கிடைத்த இடம்

மலாயா சுதந்திரம் பெற்ற மெர்டேக்காவுக்கு மறுவருடம், காஜா பெராங்கிலிருந்து டவுனுக்குப் போகும் காலை பஸ். என் முன் இருக்கையில் அக்காவும் தங்கையுமாக இரண்டு பெண்கள். அக்கா சொன்ன ஒரு வார்த்தையில் கையிலிருந்த பத்திரிகையை மடித்துவிட்டேன்.

"மகளுக்கு மெட்ராஸ் டாக்டர் காலேஜுல இடம் கிடைச்சிருச்சு. அவகிட்ட மட்டும் சொல்லிராதே."

"என்னக்கா கூத்து இது? படிக்கப் போறதே அவதானே?"

"தந்தி வந்தப்ப அவ கோயிலுக்குப் போயிருந்தா. வெள்ளிக்கிழமை பரிசம். மாப்பிள்ளை ஆபீசுல கணக்கெழுதுற கிராணி வேலை பாக்குறாரு. பொண்ணு டாக்டருக்குப் படிக்குதுன்னா அவங்க வீட்டுல பின்வாங்கிருவாங்க. அவ அப்பா முடிவு பண்ணிட்டாரு."

"நல்லா நடிக்கிறீங்க, நீயும் அத்தானும். அவ தினமும் கேப்பாளே?"

"கேட்டா. மார்க்கு பத்தலையாம்னு சொல்லிட்டேன்."

"நம்பிட்டாளா?"

"சண்டை போடுவான்னு நெனச்சேன். போட்டிருந்தா சொல்லியிருப்பேனோ என்னமோ."

"என்னதான் சொன்னா?"

"'எனக்கு மூளை அவ்வளவுதான் போலம்மா'ன்னு சொல்லிட்டு, பாத்திரம் கழுவப் போயிட்டா."

கடைத்தெருவான பசார் வந்ததும் இருவரும் பரிசப் புடவை எடுக்க இறங்கிப் போனார்கள்.