ஆறே ஆறு வகுத்தல்

எல்லாருக்கும் பிடித்த எண் ஒன்று இருக்கும் சார். எனக்கு 524287. ஒன்றைக் கூட்டிப் பாருங்கள். பாதி, பாதியில் பாதி என்று போய், மிச்சமே இல்லாமல் ஒன்றில் வந்து நிற்கும். கூட்டாமல் விட்டால் எதற்கும் மசியாது. பகா எண்.

அதை நானே கண்டுபிடித்தேன். ஒரு மழைக்காலம் முழுக்க, நூற்றுக்கு மேற்பட்ட எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

என் சகலையை மீன் கிடங்கில் வேலைக்குச் சேர்த்ததும் நான்தான். குளிர் அறைக்கதவின் உள்கைப்பிடி உடைந்து வெகுநாள். ஒருவன் உள்ளே போனால் இன்னொருவன் வெளியே நிற்க வேண்டும். சும்மா நிற்பானேன் என்று நான் ஒரு விளையாட்டு ஆரம்பித்தேன். வெளியே நிற்பவன் ஓர் எண் சொல்வான். உள்ளே இருப்பவன் அதைக் காரணிகளாகப் பிரித்துச் சொன்னால்தான் கதவு திறக்கும்.

நான் திணறுவேன். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டே சொல்லிவிடுவான்.

"என்ன அண்ணே, சின்னப்புள்ளக் கணக்கா குடுக்கறீங்க?"

கிடங்கு முழுக்க அவன் பேச்சுதான். மாமனார் வீட்டிலும் அப்படியே. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் என் மகளிடம், "கணக்கு நோட்டைக் கொண்டா, பாக்கறேன்" என்றேன்.

"வேணாம்பா. சித்தப்பாகிட்ட கேட்டுக்கறேன்."

அவள் மரியாதையாகத்தான் சொன்னாள்.

மறுநாள் விடுமுறை. ஒரு பெட்டியைப் பார்த்துவிட்டு வர நாங்கள் இருவர் மட்டும் போனோம். "இதோ வந்துடறேன்" என்று அவன் மேல்கோட்டு போடாமல் உள்ளே நுழைந்தான். கதவைச் சாத்திவிட்டு என் எண்ணைச் சொன்னேன்.

கொஞ்சநேரத்தில் தட்டினான்.

"பகா எண்ணே. தொறங்க."

"குத்துமதிப்பா சொல்லாத தம்பி."

"இல்லண்ணே. ரெண்டைப் பத்தொம்பது தடவ பெருக்கி ஒண்ணு கழிச்சது இது. இதை ஒரு பகா எண் வகுக்கணும்னா, அந்த எண்ண முப்பத்தெட்டால வகுத்தா மிச்சம் ஒண்ணு வரணும். அப்படிப் பாத்தா சோதிக்க வேண்டியது ஆறே ஆறுதான். ஆறும் வகுக்கல." பல் கிட்டிக்கொண்டே சிரித்தான். "நல்ல எண்ணே. எங்க புடிச்சீங்க?"

என் மழைக்காலம் அவனுக்கு ஆறு வகுத்தல்.

அவன் சொன்ன குறுக்குவழியை நான் எப்படி நம்புவது? அட்டைப்பெட்டியைக் கிழித்து வைத்துக்கொண்டு, முதலிலிருந்து என் வழியில் ஒவ்வொன்றாக வகுத்தேன். நடுநடுவே தட்டினான், கூப்பிட்டான். கணக்கு போடும்போது பேச்சுக் கொடுத்தால் எனக்குத் தப்பிவிடும். பாதி தாண்டியபோது தட்டுவது நின்றிருந்தது. நான் முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அவன் சொன்னது சரிதான்.

பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள் சார். விடை தப்பாக இருந்திருந்தால் அந்த நிமிடமே கதவைத் திறந்திருப்பேன்.